17 இடங்கள், 59 நாள்: ஆட்சியைத் தீர்மானித்த சிறு கட்சியும் நியூசிலாந்து வாக்காளர்களும்

எதற்காக இந்த நிகழ்வு

யாருக்கும் தனிப் பெரும்பான்மை கிடைக்காத நாடாளுமன்றத்தில் ஒரு சிறு கட்சி ஆட்சியைத் தீர்மானிக்கிறது என்றதும், உடனே எழும் குரல் ஒன்று உண்டு: "நூற்றுக்குப் பதிமூன்று பேர் போட்ட ஓட்டு, மிச்ச எண்பத்தேழு பேரையும் ஆட்டிவைக்கலாமா?" கேட்கும்போது நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் மக்கள் கோபப்படுவது உண்மையில் இதற்காகத்தானா, அல்லது வேறொன்றுக்காகவா என்பதைப் பிரித்துப் பார்க்க நல்ல உதாரணம் வேண்டும். நியூசிலாந்தில் 1996 முதல் 1999 வரை நடந்தது அப்படிப்பட்ட உதாரணம். 1996இல் அங்கே ஆட்சியைத் தீர்மானித்த சிறு கட்சியின் பெயர் நியூசிலாந்து ஃபர்ஸ்ட். அதே கட்சி பின்னாலும் சில முறை அதே நிலைக்கு வந்தது. தேர்தல் முறையே வேண்டுமா வேண்டாமா என்று மக்களிடம் நேரடி வாக்கெடுப்பும் நடந்தது. கட்சி மேல் உள்ள கோபத்தையும் முறை மேல் உள்ள கோபத்தையும் தனித்தனியாக அளந்து பார்க்கும் வாய்ப்பு இவ்வளவு தெளிவாக வேறு எங்கும் கிடைப்பது அரிது.

தலைவர்களின் பெயர்களை இதில் எழுதவில்லை. இந்தச் சம்பவத்தைச் சொல்லும் எல்லோரும் ஒரு மனிதரின் குணத்தைப் பற்றியே பேசி முடித்துவிடுகிறார்கள். எனக்கு அக்கறை வாக்காளர்கள் மேல்.

பின்னணி

நியூசிலாந்தில் நீண்ட காலம் நம் ஊரில் உள்ளது போன்ற தேர்தல் முறைதான்: தொகுதியில் யார் முதலில் வருகிறாரோ அவர் உறுப்பினர். நேஷனல், லேபர் என்ற இரண்டு பெரிய கட்சிகள் மாறி மாறி ஆண்டன. 1978, 1981 ஆகிய இரண்டு தேர்தல்களிலும் லேபர் அதிக வாக்கு வாங்கியது, நேஷனல் அதிக இடம் பிடித்து ஆட்சி அமைத்தது. 1981இல் சோஷியல் கிரெடிட் என்ற மூன்றாவது கட்சி ஏறக்குறைய 21 சதவீதம் வாக்கு வாங்கியும், 92 இடங்கள் கொண்ட சபையில் அதற்குக் கிடைத்தது இரண்டே இடம். ஐந்து பேரில் ஒருவர் போட்ட ஓட்டு அப்படியே கரைந்துபோனது.

அதைவிட ஆழமாகப் பதிந்த காயம் வேறு. 1984இல் வந்த லேபர் அரசு, தன் தேர்தல் மேடைகளில் சொல்லாத பொருளாதார மாற்றங்களை வேகமாகச் செய்தது: மானிய ரத்து, அரசு நிறுவன விற்பனை. அதில் வெறுத்துப்போன மக்கள் 1990இல் நேஷனலைக் கொண்டுவந்தார்கள். அந்த அரசோ அதே பாதையில் இன்னும் தூரம் போனது, நலத்திட்ட உதவிகளையும் வெட்டியது. இரண்டு பெரிய கட்சிகளும் சொன்னது ஒன்று, செய்தது ஒன்று என்ற எண்ணம் நாட்டில் ஊறிவிட்டது. ஒரே கட்சி கையில் முழு அதிகாரம் இருப்பதால்தானே இப்படி, இவர்களைக் கட்டுப்படுத்த இன்னொரு கை வேண்டும் என்று வாக்காளர்கள் நினைத்தார்கள். சிறு கட்சி ஆட்சியைத் தீர்மானிக்கும் நிலை தானாக வந்து விழவில்லை, மக்கள் கேட்டு வாங்கியது என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

1992இல் நடந்த முதல் வாக்கெடுப்பில் கிட்டத்தட்ட 85 சதவீதம் பேர் பழைய முறையை மாற்றச் சொன்னார்கள். 1993 நவம்பரில் நடந்த இறுதி வாக்கெடுப்பில் 54 சதவீதம் பேர் எம்.எம்.பி. எனப்படும் கலப்பு விகிதாசார முறையைத் தேர்ந்தெடுத்தார்கள். இதில் ஒவ்வொருவருக்கும் இரண்டு ஓட்டு. ஒன்று கட்சிக்கு, ஒன்று தொகுதி வேட்பாளருக்கு. சபையில் ஒரு கட்சிக்கு எத்தனை இடம் என்பதைக் கட்சி வாக்குதான் முடிவு செய்யும். இடம் கிடைக்க 5 சதவீதக் கட்சி வாக்கு வேண்டும், இல்லாவிட்டால் ஒரு தொகுதியிலாவது ஜெயிக்க வேண்டும்.

இதே 1993இல்தான் நியூசிலாந்து ஃபர்ஸ்ட் பிறந்தது. நேஷனல் அரசில், நாட்டின் பூர்வகுடிகளான மாவோரி மக்களின் விவகார அமைச்சராக இருந்து, சொந்தக் கட்சியையே விமர்சித்ததால் பதவி பறிக்கப்பட்டவர் தொடங்கிய கட்சி. அரசுச் சொத்து விற்பனைக்கு எதிர்ப்பு, முதியோர் ஓய்வூதியத்துக்குப் பாதுகாப்பு, குடியேற்றத்துக்குக் கட்டுப்பாடு என்று பேசியது. இரண்டு பெரிய கட்சிகள் மேலும் கசந்துபோனவர்களுக்கு அது ஒரு புகலிடமாகத் தெரிந்தது.

1996 அக்டோபர் 12: என்ன தெரிந்தது

புதிய முறையில் முதல் தேர்தல். வாக்குச்சீட்டில் இரண்டு பத்தி. இடது பக்கம் கட்சிகளின் பெயர், மேலே ஒரு விளக்கம்: நாடாளுமன்றத்தில் ஒவ்வொரு கட்சிக்கும் எவ்வளவு பங்கு என்பதை இந்த ஓட்டு முடிவு செய்யும். வலது பக்கம் வேட்பாளர்கள், அதற்கும் மேலே அதேபோல ஒரு விளக்கம். தெளிவான, நேர்த்தியான சீட்டு. ஆனால் வாக்காளர் மனதில் முதலாவதாக இருந்த கேள்வி, "யார் பிரதமர்?" என்பது. அதற்கு அந்தச் சீட்டில் எங்குமே இடம் கிடையாது. பழைய முறையில் அந்தக் கேள்விக்கும் சேர்த்தே பதில் சொல்லிப் பழகிய மக்கள் இவர்கள்.

120 இடங்களில் நேஷனல் 44, லேபர் 37, நியூசிலாந்து ஃபர்ஸ்ட் 17, அலையன்ஸ் 13, ஆக்ட் 8, யுனைடெட் 1. பெரும்பான்மைக்கு 61 வேண்டும். நேஷனலும் நியூசிலாந்து ஃபர்ஸ்டும் சேர்ந்தால் சரியாக 61. லேபரும் நியூசிலாந்து ஃபர்ஸ்டும் சேர்ந்தால் 54தான், அதற்கு மேல் அலையன்ஸ் கைகொடுக்க வேண்டும். நடைமுறையில் அந்த 17 பேர் இல்லாமல் ஆட்சி இல்லை.

இந்த 17இல் ஐந்து பேர் மாவோரி தொகுதிகளிலிருந்து வந்தவர்கள். இந்தத் தகவலைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் பின்னால் வந்த கோபத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. மாவோரி மக்களுக்கென ஒதுக்கப்பட்ட நான்கு தொகுதிகளையும் 1943 முதல் 1990 வரை எல்லாப் பொதுத்தேர்தலிலும் லேபர் கட்சியே வென்றது. 1996இல் அந்தத் தொகுதிகள் ஐந்தாகி, ஐந்தும் நியூசிலாந்து ஃபர்ஸ்ட் பக்கம் போயின. தலைமுறை தலைமுறையாக லேபருக்கு ஓட்டுப் போட்ட குடும்பங்கள், லேபரை உலுக்குவதற்காக மாற்றிப் போட்ட ஓட்டு அது. நேஷனல் மறுபடி ஆட்சிக்கு வர வேண்டும் என்பதற்காகப் போட்ட ஓட்டாக அதைப் படிக்க முடியாது. பிரசாரம் முழுக்க அந்தக் கட்சி நேஷனல் அரசைத்தான் கடுமையாகத் தாக்கியது. யாரோடு சேருவோம் என்று தலைவர் கடைசிவரை சொல்லவில்லை. மக்கள் முதலில் ஓட்டுப் போடட்டும், பிறகு பார்க்கலாம் என்பது அவர் நிலைப்பாடு. கேட்டவர்கள் அந்த மௌனத்தைத் தங்கள் விருப்பப்படி நிரப்பிக்கொண்டார்கள்.

59 நாள்

தேர்தல் முடிந்து கூட்டணி அறிவிப்பு வர டிசம்பர் 10 ஆனது. அதுவரை நேஷனலோடும் லேபரோடும் ஒரே சமயத்தில், தனித்தனியாகப் பேச்சு நடந்தது. ஐரோப்பாவில் பல நாடுகளுக்கு இரண்டு மாதம் என்பது சாதாரணம். ஆனால் தேர்தல் இரவிலேயே புதிய பிரதமரைத் தெரிந்துகொண்டு தூங்கப் போன நாட்டுக்கு அது மிக நீண்ட காத்திருப்பு. பேச்சுவார்த்தை மூடிய கதவுக்குள் நடந்தது. எதற்காகப் பேசுகிறார்கள், எது விட்டுக்கொடுக்க முடியாதது, எது பேரத்துக்கு உரியது என்று வெளியே யாருக்கும் தெரியாது. தெரிந்ததெல்லாம் ஒரு கட்சித் தலைவர் உள்ளே போவதும் வெளியே வருவதும்தான். நாட்டின் அரசியல் ஒரு மனிதரின் முகபாவத்தைப் படிக்கிற வேலையாகச் சுருங்கியது.

என் மதிப்பீட்டில் பொதுக் கருத்து முதலில் திரும்பியது இந்தக் காலத்தில்தான், டிசம்பர் முடிவில் அல்ல. கொள்கைப் பேச்சு நடக்கிறது என்று காட்ட எதுவும் இல்லாதபோது, பதவிப் பேரம்தான் நடக்கிறது என்று மக்கள் முடிவு கட்டுவது இயல்பு.

எடுத்த முடிவும் காரணமும்

முடிவு நேஷனல் பக்கம் விழுந்தது. கட்சித் தலைவர் துணைப் பிரதமர் ஆனார், கூடவே அவருக்காகவே உருவாக்கிய கருவூலத் தலைவர் பதவி. நிதியமைச்சர் அதற்குக் கீழே. புதிய எம்.பி.க்கள் நிறைந்த அந்தக் கட்சியில் பலர் நேரடியாக அமைச்சர் ஆனார்கள்.

இந்த முடிவுக்கு நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. மூன்று கட்சிகள் சேர்ந்து நடத்தும் ஆட்சியைவிட இரண்டு கட்சி ஆட்சி உறுதியாக இருக்கும் என்ற கணக்கு அன்றைக்குப் பொருத்தமாகத்தான் தெரிந்தது. கொள்கையிலும் அந்தக் கட்சி வெறுங்கையோடு திரும்பவில்லை. ஆறு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு மருத்துவரிடம் இலவசச் சிகிச்சை வந்தது. ஓய்வூதியம் பெறும் முதியவர்களின் மற்ற வருமானத்தின் மேல் விதித்த கூடுதல் வரி 1998இல் நீங்கியது. ரிசர்வ் வங்கியின் பணவீக்க இலக்கு 0–2 சதவீதத்திலிருந்து 0–3 சதவீதமாகத் தளர்ந்தது. கட்டாய ஓய்வுக்கால சேமிப்புத் திட்டம் பற்றி மக்களிடமே வாக்கெடுப்பு நடத்தவும் ஒப்புக்கொண்டார்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடும் ஏழைத் தாய்க்கு இலவசச் சிகிச்சை சின்ன விஷயமில்லை. ஆனால் அந்தத் தாய், இதைக் கொண்டுவந்தது எந்தக் கட்சி என்று நினைவில் வைத்திருந்தாரா என்பது வேறு கேள்வி. கூட்டணி ஆட்சியில் நல்ல பெயர் பெரிய கட்சிக்கும் கெட்ட பெயர் சின்னக் கட்சிக்கும் போவது வழக்கம். நியூசிலாந்திலும் அப்படித்தான் நடந்தது.

மக்கள் எப்படிப் பார்த்தார்கள்

கருத்துக்கணிப்புகளில் நியூசிலாந்து ஃபர்ஸ்ட் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியது, திரும்ப எழவில்லை. அதோடு எம்.எம்.பி. முறையின் மேலும் வெறுப்பு கிளம்பியது. "பழைய முறையே தேவலை" என்ற பேச்சு வீதிக்கு வந்தது. கட்சியும் முறையும் ஒன்றாகக் கலந்து தெரிந்த காலம் அது. முதல் தேர்தலே இப்படி அமைந்ததால், இதுதான் எம்.எம்.பி. என்று மக்கள் நினைத்தார்கள்.

எரிச்சலுக்கு நெய் ஊற்றச் சில சம்பவங்கள் நடந்தன. அந்தக் கட்சியின் புதிய எம்.பி. ஒருவர், முன்பு வேலைபார்த்த தொலைக்காட்சி நிறுவனத்தின் பணத்தில் 89 டாலருக்கு ஒரு உள்ளாடை வாங்கியது வெளியே வந்தது. விசாரணையில் வழக்கு எதுவும் வரவில்லை. ஆனாலும் மாதக்கணக்கில் நாடு முழுக்க அதே பேச்சு. தொகையைப் பார்த்தால் ஒன்றுமில்லை. பெரிய கட்சி எம்.பி. ஒருவர் செய்திருந்தால் இரண்டு வாரத்தில் மறந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். இரண்டு மாதம் நாட்டைக் காக்கவைத்த கட்சியின் ஆள் என்பதால் அது அதிகாரத் திமிரின் அடையாளமாகிவிட்டது. அவர் மாவோரி என்பதும் அந்தக் கேலியின் கூர்மைக்கு ஒரு காரணம். அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

1997 செப்டம்பரில் சேமிப்புத் திட்ட வாக்கெடுப்பு அஞ்சல் வழியாக நடந்தது. 80 சதவீதம் பேர் வாக்களித்தார்கள், அதில் 91.8 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். திட்டத்தில் குறைகள் இருந்தது உண்மை. ஆனால் பத்தில் ஒன்பது பேர் ஒரு ஓய்வூதியத் திட்டத்தின் நுணுக்கங்களைப் படித்து ஒரே முடிவுக்கு வந்தார்கள் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. யாருடைய திட்டம் என்று பார்த்துத்தான் பலர் ஓட்டுப் போட்டார்கள். கிடைத்த முதல் வாய்ப்பில் ஒரு கட்சிக்குச் சொல்ல வேண்டியதைச் சொன்னார்கள்.

முறிவு

1997 இறுதியில் நேஷனல் கட்சிக்குள்ளேயே கலகம். பிரதமர் வெளிநாட்டில் இருந்தபோது எம்.பி.க்கள் ஆள் சேர்த்தார்கள், டிசம்பரில் புதிய பிரதமர் பதவியேற்றார். நாட்டின் முதல் பெண் பிரதமர் அவர்தான். கூட்டணி ஒப்பந்தம் பேசியவர் ஒருவர், இனி அதை நடத்த வேண்டியவர் இன்னொருவர் என்று ஆனது. பழைய பிரதமருக்கும் சிறு கட்சித் தலைவருக்கும் இடையே இருந்த புரிதல் புதியவரிடம் இல்லை.

1998 ஆகஸ்டில் வெல்லிங்டன் விமான நிலையத்தில் அரசுக்கு இருந்த பங்குகளை விற்பது பற்றிய விவகாரத்தில் நியூசிலாந்து ஃபர்ஸ்ட் அமைச்சர்கள் கூட்டத்திலிருந்து வெளியேறினார்கள். அடுத்து கட்சித் தலைவரின் பதவி பறிபோனது, கூட்டணி முடிந்தது. சொத்து விற்பனையை எதிர்த்து வளர்ந்த கட்சி, சொத்து விற்பனையில்தான் உடைந்தது.

அப்புறம் நடந்ததுதான் வாக்காளர்களை மேலும் கசக்கவைத்தது. கட்சியின் 17 பேரில் பாதிப் பேர், மாவோரி தொகுதி எம்.பி.க்கள் பலர் உட்பட, கட்சியை விட்டு விலகினார்கள். அவர்களில் பெரும்பாலானோர் நேஷனல் அரசைத் தாங்கிப் பிடித்தார்கள், சிலர் அமைச்சர்களாகவே நீடித்தார்கள். கட்சிக்கு ஓட்டுப் போட்ட மக்களுக்கு ஆட்சியும் இல்லை, எதிர்க்கட்சியும் இல்லை. அவர்கள் ஓட்டில் வந்த எம்.பி.க்கள் மட்டும் அரசாங்கத்தில் இருந்தார்கள். ஓட்டுப் போட்டவர் கையில் என்ன மிஞ்சியது என்று கேட்டால் பதில் சொல்ல யாரும் இல்லை.

1999 நவம்பர் 27: தீர்ப்பு

நியூசிலாந்து ஃபர்ஸ்ட் 4.26 சதவீதத்துக்குச் சரிந்தது. 5 சதவீத வரம்பைத் தாண்டவில்லை. கட்சித் தலைவர் தன் டாரங்கா தொகுதியை 63 வாக்கு வித்தியாசத்தில் தக்கவைத்ததால் ஐந்து இடங்கள் தப்பின. மாவோரி தொகுதிகள் இம்முறை ஆறு, ஆறும் லேபருக்குத் திரும்பின. கட்சி மாறியவர்களில் யாரும் ஜெயிக்கவில்லை.

அன்றே இன்னொரு வாக்கெடுப்பும் நடந்தது. எம்.பி.க்கள் எண்ணிக்கையை 120லிருந்து 99 ஆகக் குறைக்கலாமா என்ற கேள்வி. 81.5 சதவீதம் பேர் குறைக்கச் சொன்னார்கள். அது அரசைக் கட்டுப்படுத்தும் வாக்கெடுப்பு அல்ல, அதனால் இன்றுவரை சபையில் எண்ணிக்கை குறையவில்லை. ஆனால் அன்றைய மனநிலைக்கு அதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

இதே தேர்தலில் இன்னொன்றும் நடந்தது, அது அவ்வளவாகக் கவனம் பெறவில்லை. லேபரும் அலையன்சும் சேர்ந்து ஆள்வோம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுத் தேர்தலைச் சந்தித்தன. அலையன்ஸும் சிறு கட்சிதான், பத்து இடம். சேர்ந்தும் பெரும்பான்மை இல்லாததால் பசுமைக் கட்சியின் ஆதரவும் தேவைப்பட்டது. அதாவது 1999 அரசும் சிறு கட்சிகள் தயவில்தான் நின்றது. ஆனால் இரண்டு வாரத்துக்குள் அரசு அமைந்தது. கூட்டணி ஒப்பந்தம் இரண்டொரு பக்கம். "சில விஷயங்களில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு, அதை வெளிப்படையாகவே சொல்லுவோம்" என்ற விதியும் அதில் இருந்தது. தெருவில் யாரும் கொதிக்கவில்லை. ஏனென்றால் ஓட்டுப் போடும்போதே அவர்களுக்கு இது தெரியும்.

1996க்கும் 1999க்கும் நடுவே சிறு கட்சியின் அதிகாரம் குறைந்துவிடவில்லை. வாக்காளருக்கு முன்பே தெரிந்திருந்தது என்பதுதான் வித்தியாசம். இந்த ஆய்விலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் முக்கியமான கண்டறிதல் இது.

பின்னால் வந்த சோதனைகள்

ஒரு நிகழ்வை வைத்து இவ்வளவு சொல்லலாமா என்று கேட்டால், பின்னால் நடந்தவை ஓரளவு பதில் தருகின்றன.

2002இல் நியூசிலாந்து ஃபர்ஸ்ட் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கித் திரும்பி வந்தது. அழிந்துவிட்டது என்று எழுதியவர்கள் ஏமாந்தார்கள். எதிர்க்கட்சி வரிசையில் உட்கார்ந்தபோது மக்கள் அதை மன்னித்தார்கள். 2005இல் மறுபடி அதன் ஆதரவு தேவைப்பட்டது. இம்முறை தலைவர் வெளியுறவு அமைச்சர் ஆனார், ஆனால் அமைச்சரவைக்குள் உட்காரவில்லை: தன் துறையில் மட்டும் அரசோடு பொறுப்பு, மற்றவற்றில் விமர்சிக்கும் சுதந்திரம். 1996இல் யாருக்கும் தோன்றாத ஏற்பாடு இது. இருந்தும் 2008இல் 4.07 சதவீதம் மட்டுமே வாங்கி, தொகுதியும் இல்லாமல் சபையை விட்டு வெளியேறியது. அந்தத் தேர்தலுக்கு முன் நேஷனல் தலைவர் "இவரோடு சேர மாட்டேன்" என்று பகிரங்கமாகச் சொல்லிவிட்டார். பெரிய கட்சிகளும் முன்பே சொல்லப் பழகிவிட்டன.

2011இல் எம்.எம்.பி. முறையை வைத்துக்கொள்வதா என்று மறுபடி மக்களிடம் கேட்டார்கள். 57.8 சதவீதம் பேர் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். 1993இல் அதைக் கொண்டுவந்தபோது கிடைத்ததைவிட அதிகம். அதே நாளில் நியூசிலாந்து ஃபர்ஸ்ட் 6.6 சதவீதத்தோடு சபைக்குத் திரும்பியது. சிறு கட்சிக்கு அதிகாரம் கிடைப்பதையே மக்கள் வெறுத்திருந்தால் இந்த இரண்டும் ஒரே நாளில் நடந்திருக்காது.

2017இல் பழைய காட்சி திரும்பியது. நேஷனலுக்கு 56, லேபருக்கு 46, நியூசிலாந்து ஃபர்ஸ்டுக்கு 9. யாரோடு என்று இம்முறையும் முன்கூட்டிச் சொல்லவில்லை. 26 நாள் கழித்து லேபரைத் தேர்ந்தெடுத்ததாகத் தலைவர் நேரலையில் அறிவித்தார். பிரதமராகப் போகிறவரே தொலைக்காட்சியில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். எம்.எம்.பி. வந்த பிறகு, அதிக இடம் பிடித்த கட்சி எதிர்க்கட்சியானது அதுவே முதல் முறை. 2020இல் நியூசிலாந்து ஃபர்ஸ்ட் 2.6 சதவீதத்துக்கு இறங்கி மறுபடி வெளியேறியது. கொரோனா காலத்தில் லேபர் பக்கம் வீசிய பேரலையும் இதில் சேரும், எல்லாவற்றையும் 2017 மௌனத்தின் தலையில் கட்ட முடியாது. ஆனாலும் வலது பக்கச் சாய்வுள்ள தன் வாக்காளர்களில் ஒரு பகுதியை அது 2017லேயே இழந்துவிட்டது.

2023இல் அதே தலைவர், லேபரோடு போக மாட்டேன் என்று தேர்தலுக்கு நெடுநாள் முன்பே சொல்லிவிட்டார். கட்சி 6.08 சதவீதமும் எட்டு இடமும் வாங்கி, நேஷனல், ஆக்ட் கட்சிகளோடு ஆட்சியில் சேர்ந்தது. பேச்சுவார்த்தை நீண்டதை மக்கள் குறை சொன்னார்கள். ஆனால் "எங்களை ஏமாற்றிவிட்டார்" என்று 1996இல் எழுந்த குரல் எழவில்லை.

மறுபக்கம்

முன்பே சொல்லிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்ல முடியாது. 1999இல் வெளிப்படையாக நடந்துகொண்ட அலையன்ஸ், 2002இல் ஆப்கானிஸ்தான் படை விவகாரத்தில் உடைந்து சபையிலிருந்தே காணாமல்போனது. ஆட்சியில் சேரும் சிறு கட்சி தேய்வது நியூசிலாந்தில் கிட்டத்தட்ட விதியாகவே இருக்கிறது. வெளிப்படைத்தன்மை கட்சியைக் காப்பாற்றாமல் போகலாம். தேர்தல் முறை மேல் மக்களுக்கு இருக்கும் நம்பிக்கையைக் காப்பாற்றுகிறது. இரண்டும் வேறு வேறு விஷயங்கள்.

இன்னொன்று. முன்பே சொல்லாமல் இருப்பதற்கும் வாதம் உண்டு. இரண்டு பக்கமும் பேசும் உரிமை இருந்தால்தான் தன் வாக்காளர்களுக்கு அதிகம் வாங்கித்தர முடியும் என்று சிறு கட்சி சொல்லும். பேரம் என்ற அளவில் அது சரி. ஆனால் ஒரு வாக்காளர் எதற்கு ஓட்டுப் போட்டோம் என்றே தெரியாமல் போட்டால், அவர் பெயரில் யார் பேரம் பேசுவதும் நியாயமில்லை என்பது என் உறுதியான கருத்து.

எது மாறியிருக்க வேண்டும்

1996இல் அந்தக் கட்சி "தனி ஒரு பக்கம் சொல்ல மாட்டோம்" என்று நின்றிருக்கலாம், ஆனால் எந்த வரிசையில் பேசுவோம், எந்தக் கொள்கை கிடைக்காவிட்டால் எந்தப் பக்கமும் சேர மாட்டோம் என்றாவது தேர்தலுக்கு முன் அச்சடித்துக் கொடுத்திருக்கலாம். 2005இல் அதிக இடம் பிடிக்கும் கட்சிக்கு வழிவிடுவோம் என்று சொன்னது அந்தத் திசையில் ஒரு அடி. துணைப் பிரதமர் பதவி, புதிய கருவூலப் பதவி இரண்டையும் ஒரே கையில் குவித்ததற்குப் பதில் 2005இல் போல வெளியிலிருந்து பொறுப்பு ஏற்றிருந்தால் 1998 முறிவு அவ்வளவு கசப்பாக இருந்திருக்காது.

கட்சித் தாவலைத் தடுக்க 2001இல் ஒரு சட்டம் வந்து 2005இல் காலாவதியானது, 2018இல் மறுபடி வந்தது. 1998இல் வாக்காளர்கள் கண்முன் நடந்ததற்கு அது நேரடியான பதில். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. எம்.பி.யைக் கட்சித் தலைமைக்குக் கட்டிப்போடுகிறது, தலைமையை வாக்காளருக்குக் கட்டிப்போடுவதில்லை.

இன்னும் தீராமல் இருப்பது வரம்புப் பிரச்சினை. 2008இல் 4.07 சதவீதம் வாங்கிய நியூசிலாந்து ஃபர்ஸ்டுக்கு ஒரு இடமும் இல்லை, 3.65 சதவீதம் வாங்கிய ஆக்ட் கட்சிக்கு ஒரு தொகுதி வெற்றியின் புண்ணியத்தில் ஐந்து இடம். ஒரு லட்சம் பேருக்கு நெருக்கமான வாக்காளர்களின் ஓட்டு இப்படிக் காணாமல்போனது. 1981இல் சோஷியல் கிரெடிட் வாக்காளர்கள் பட்ட வருத்தம் சிறிய அளவில் திரும்ப வந்ததுதான் இது. 2012இல் தேர்தல் ஆணையம் வரம்பை 4 சதவீதமாக்கவும் தொகுதி வெற்றி வழியாகக் கூடுதல் இடம் பெறும் சலுகையை நீக்கவும் சொன்னது. 2023இல் தனிக் குழு ஒன்று 3.5 சதவீதம் என்றது. இரண்டு பரிந்துரையும் சட்டமாகவில்லை, 5 சதவீதம் அப்படியே இருக்கிறது.